ஒலியால் தொலைவளந்த பால் லாஞ்செவின்
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

மோட்டார் வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தும்போது சுவர் நெருங்குவதை அறிவிக்கும் சிறு கருவியைப் பலரும் கண்டிருப்பீர்கள். செய்முறைக்கு மாணவர்கள் வாங்கும் மீயொலித் தொலைவு உணரியும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. இவற்றுள் பெரும்பாலானவை வினாடிக்கு ஏறத்தாழ 40,000 அதிர்வுகளில் இயங்குகின்றன. அந்த எண் ஏன்? விடையை அறியப் பிரெஞ்சு நாட்டு அறிஞர் பால் லாஞ்செவினின் வாழ்வைக் காணவேண்டும்.

1872-ஆம் ஆண்டு சனவரி 23-ஆம் நாள் பாரிசு நகரில் பிறந்த லாஞ்செவின், தம் பதினாறாம் வயதில் அந்நகரின் தொழில்துறை இயற்பியல், வேதியியல் பள்ளியில் சேர்ந்தார். அங்கே அவருக்கு ஆசானாக வாய்த்தவர் பியர் கியூரி. அழுத்தினால் குவார்ட்சு படிகத்தில் மின்னூட்டம் தோன்றும் என்பதைத் தம் தமையனாருடன் 1880-இல் கண்டறிந்தவர் அவர். மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் அதிரும் என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. ஆயினும் நெடுங்காலம் அது ஆய்வகத்தை விட்டு அதிகம் வெளிவரவில்லை.

முதல் உலகப்போரில் நீர்மூழ்கிக் கப்பல்கள் கடலைக் கலக்கின. 1915-இல் ருசியப் பொறியியலாளர் சிலோவ்ஸ்கியின் யோசனை லாஞ்செவினிடம் வந்தது. நீருக்குள் ஒலியைச் செலுத்தி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு தொலைவை அளப்பதே அந்த யோசனை. நீரில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் செல்லும். எதிரொலி ஒரு வினாடியில் வந்தால் பொருள் 750 மீட்டரில் உள்ளது.

சிக்கல் அதிர்வெண்ணில்தான் இருந்தது. 1000 அதிர்வுள்ள ஒலிக்கு நீரில் அலைநீளம் ஒன்றரை மீட்டர். சிறு தகட்டிலிருந்து புறப்படும் அத்தகைய ஒலி எல்லாப் பக்கமும் பரவிவிடும்; பொருள் எத்திசையில் உள்ளது என்று தெரியாது. அதிர்வெண்ணை மிக உயர்த்தினாலோ கற்றை குறுகும். ஆனால் நீர் ஒலியை விரைவில் உறிஞ்சிவிடும். குறுகலும் வேண்டும், தொலைவும் வேண்டும். 40,000 அளவில் அலைநீளம் நான்கு சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. இரண்டுக்கும் அது இடங்கொடுத்தது.

அங்கேதான் ஆசான் கற்பித்த படிகம் கைகொடுத்தது. குவார்ட்சு மட்டும் அந்த அதிர்வெண்ணில் ஒத்ததிர வேண்டுமாயின் ஏழு சென்டிமீட்டர் பருமன் வேண்டும். அத்தகைய பெரும் படிகங்கள் கிடைப்பது அரிது. லாஞ்செவின் மெல்லிய குவார்ட்சை இரண்டு எஃகுத் தகடுகளுக்கிடையே வைத்து, மூன்றையும் ஒன்றாக அதிரச் செய்தார். 1918-இல் நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து எதிரொலி கிடைத்தது. போரில் பெரிதாகப் பயன்படுமுன் போர் முடிந்தது. ஆனால் கடலின் ஆழம் அளக்க அம்முறை நிலைத்தது.

நம் உணரி காற்றில் இயங்குவது. அங்கே அதே 40,000 அதிர்வுக்கு அலைநீளம் எட்டரை மில்லிமீட்டர்தான். ஆகவே ஒரு ரூபாய் நாணயத்தினும் சிறிய வட்டமே ஓரளவு குறுகிய கற்றையைத் தருகிறது. செவிக்கும் அது கேட்பதில்லை. நம் கேள்வி எல்லை 20,000 அளவோடு முடிகிறது.

பாசிசத்தை அஞ்சாது எதிர்த்த லாஞ்செவினை 1940-இல் செருமானியர் சிறையிலிட்டனர். இயற்பியலறிஞரான மருமகன் 1942-இல் சுட்டுக்கொல்லப்பட்டார். மகள் ஆசுவிட்சு முகாமுக்கு அனுப்பப்பட்டு உயிர் மீண்டார். 1944-இல் சுவிட்சர்லாந்துக்குத் தப்பிய அறிஞர், 1946 திசம்பர் 19-இல் மறைந்தார். 1948-இல் அவர் உடல் பாரிசின் பாந்தியன் மண்டபத்தில் வைக்கப்பட்டது.

மாணவ நண்பர்களே! வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த நம்மிடம், இந்தப் படிப்பால் என்ன பயன் என்று ஊரார் கேட்கிறார்கள். 1880-இல் கண்ட உண்மை பெரும்பயன் தர முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அதற்கு அதனைப் பொருள் உணர்ந்து படித்த மாணவர் ஒருவர் தேவைப்பட்டார். எண்ணை மனப்பாடம் செய்வதோடு நில்லாமல் ஏன் என்று கேட்போம்!