பிரான்சிஸ் பெர்க்கின்ஸ் அம்மையார்

கூலிக்கு உழைத்து உயிர் வாழ்வோர்க்குத் துன்பம் வந்து சூழும் காலங்கள் மூன்று. வேலை கிடையாது அலையுங் காலம் ஒன்று. வேலை செய்யுமிடத்தில் உடலுக்கு ஊறு நேருங் காலம் மற்றொன்று. வலி குன்றி மூப்பெய்துங் காலம் மூன்றாவது. முற்காலத்தே இம்மூன்றிலும் உற்றாரும் ஊராருமே துணை நின்றனர். மக்கள் பிறந்த ஊரை விட்டு ஆலைகள் நிறைந்த நகரங்களிற் குடியேறிய பின்னர் அத்துணை போதாதாயிற்று. முகமறியாத நகரில் இயந்திரத்திற் கையை இழந்தவன் எவர் வாயிலிற் சென்று நிற்பான்? இத்தகையோர்க்கு அரசாங்கமே காவலாக நிற்றல் வேண்டும் என்பதை அமெரிக்க ஐக்கிய நாட்டிற் சட்டமாக்கி, அச்சட்டம் ஏட்டளவில் நின்றுவிடாதபடி கண்காணிப்பும் அமைத்த பெருமாட்டியார் ஒருவர் உளர். அவரே பிரான்சிஸ் பெர்க்கின்ஸ் அம்மையார். அவர்தம் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் குடும்பத்தாரும் அறிந்து பயன்பெறுமாறு ஈண்டுச் சுருக்கி வரைவாம்.

பிறப்பும் கல்வியும்

அம்மையார் 1880-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 10-ஆம் நாள் பாஸ்டன் நகரிற் பிறந்தார். தந்தையார் வுஸ்டர் என்னும் ஊரில் எழுதுபொருள் வாணிகம் நடத்தி வந்தார். அக்காலத்தில் அந்நாட்டிலும் பெண்களை உயர்தரக் கல்லூரிக்கு அனுப்புவோர் சிலரே. ஆயினும் தந்தையார் தம் மகளை மவுண்ட் ஹோலியோக் மகளிர் கல்லூரியிற் சேர்த்தார். அம்மையார் இரசாயனமும் பௌதிகமும் பயின்று 1902-இல் பட்டம் பெற்றார். அங்கு வரலாறு கற்பித்த ஆசிரியை ஒருவர், மாணவியரை அருகிலிருந்த ஆலைகளுக்கு அனுப்பி, வேலைசெய்வோரின் நிலையை நேரிற் கண்டு எழுதிவரப் பணிப்பது வழக்கம். கண்ணாற் கண்டதை எண்ணிப் பார்த்து எழுதும் அப்பழக்கம் அம்மையாரின் வாழ்நாள் முழுவதும் நிலைத்தது. ஆசிரியத் தொழிலில் இருக்கும் நம்மனோர் இதனைக் கருத்திற் கொள்ளத்தகும்.

வேலை தேடுவோர்க்குக் காவல்

கல்லூரியை விட்டபின் அம்மையார் சிலகாலம் ஆசிரியையாக இருந்தார். சிக்காகோ நகரில் ஜேன் ஆடம்ஸ் அம்மையார் நிறுவிய ஹல் ஹவுஸ் என்னும் அறநிலையத்தில் ஓய்வு நாட்களில் தொண்டு செய்தார். 1907-இல் பிலடெல்பியா நகரின் சங்கம் ஒன்று அவரைத் தன் செயலாளராக அழைத்தது. அந்நகருக்கு வெளிநாடுகளிலிருந்தும், தென் மாகாணங்களிலிருந்தும் இளம்பெண்கள் பிழைப்பு நாடி வந்துகொண்டிருந்தனர். தென்னாட்டிலிருந்து வந்தோர் பெரும்பாலும் நீக்ரோ இனத்தவர் என அந்நாளில் வழங்கப்பட்ட கறுப்பின மகளிர். வேலை பார்த்துத் தருவதாகக் கூறிய தரகர்கள் அவர்களிடம் பணத்தைப் பறித்தனர். சிலர் அவர்களைத் தீய இல்லங்களுக்கும் அனுப்பினர்.

அம்மையார் பிறர் கூறக் கேட்டதோடு அமையாது, வேலை தேடுபவர்போலத் தாமே அத்தரகர்களிடம் சென்று அவர்தம் சூழ்ச்சியை அறிந்தார். தரகு நிலையங்களும் தங்கும் விடுதிகளும் அரசாங்க உரிமம் பெற்று, அதிகாரிகளின் மேற்பார்வையில் நடத்தல் வேண்டுமென நகராட்சியை வற்புறுத்தினார். வேலை தேடுவோர் நிலை எத்துணை ஆதரவற்றது என்பதை அவர் உணர்ந்தது இவ்விடத்தேயாம்.

தீயும் திறவாத கதவும்

பின்னர் நியூயார்க் சென்று கொலம்பியாப் பல்கலைக் கழகத்திற் பயின்று 1910-இல் எம்.ஏ. பட்டம் பெற்று, அந்நகரின் நுகர்வோர் சங்கத்திற் செயலாளரானார்.

1911-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள், சனிக்கிழமை மாலை. அம்மையார் வாஷிங்டன் சதுக்கத்தருகே நண்பர் ஒருவர் இல்லத்தில் தேநீர் விருந்திற்குச் சென்றிருந்தார். தீயணைப்பு வண்டிகளின் ஒலி கேட்டு ஓடிச்சென்று பார்த்தார். பத்து மாடிக் கட்டடம் ஒன்றின் மேல்மாடிகளில், டிரையாங்கிள் என்னும் மகளிர் சட்டை தைக்கும் தொழிற்சாலை எரிந்துகொண்டிருந்தது. ஒன்பதாம் மாடியில் வெளிவாயிற் கதவொன்று பூட்டப்பட்டிருந்தது. தீயணைப்போரின் ஏணியோ அம்மாடியை எட்டவில்லை. தீயினின்று தப்ப வழியற்ற பெண்கள் சாளரங்களினின்று குதித்து வீழ்ந்து மாண்டதை அம்மையார் தெருவில் நின்று கண்டார். மாண்டோர் 146 பேர். அவருட் பெரும்பாலோர் இத்தாலியரும் யூதருமான ஏழை இளம்பெண்கள்.

இங்கு ஒன்று கூறவேண்டும். அந்நாள்வரை, வேலையிற் காயமுற்றவன் நஷ்டஈடு பெற விரும்பினால் முதலாளியின் பிழையை நீதிமன்றத்தில் மெய்ப்பித்தல் வேண்டும். அவனுடைய கவனக்குறைவும் காரணம் என்றாலும், உடன் வேலை செய்தவனின் பிழை என்றாலும், ஆபத்தை அறிந்தே வேலைக்கு வந்தான் என்றாலும் வழக்குத் தோற்கும். இக்கொடுமையை நீக்க நியூயார்க் மாகாணம் 1910-இல் ஒரு சட்டம் இயற்றியது. பிழையற்ற முதலாளியின் பொருளைக் கொள்வது அரசியலமைப்புக்கு மாறு என்று, அம்மாகாணத்து உயர்நீதிமன்றம் அச்சட்டத்தைத் தள்ளியது. தள்ளிய நாள் மார்ச் 24, தீப்பற்றியது மறுநாள். ஆலைச் சொந்தக்காரர் இருவரும் குற்றவழக்கில் விடுதலை பெற்றனர். வழக்குத் தொடுத்த குடும்பங்களுக்கு 1914-இல் கிடைத்தது உயிர் ஒன்றுக்கு 75 டாலர்.

கண்காணிப்பின் தொடக்கம்

தீ விபத்தின் பின் மாகாணச் சட்டமன்றம் தொழிற்சாலை விசாரணைக் கமிஷன் ஒன்றை அமைத்தது. அதன் தலைவர் ராபர்ட் வாக்னர். துணைத்தலைவர் ஆல் ஸ்மித். அம்மையார் அதற்குச் சாட்சியாகவும் ஆய்வாளராகவும் உழைத்தார். சட்டமன்றத்தாரை நேரே தொழிற்சாலைகளுக்கு அழைத்துச் சென்றார். இரவெல்லாம் உழைத்து விடியலிற் களைத்து வெளிவரும் பெண்களை ஸ்மித்துக்குக் காட்டினார். தீத்தப்பும் வழி என்று சொல்லப்பட்ட ஒரு சிறு துவாரத்தின் வழியே, பனிக்கட்டி மூடிய ஏணிக்கு, வாக்னரைத் தவழ்ந்து போகச் செய்தார். கண்டவர் மனம் மாறிற்று. தொழிற்சாலைக் காவலுக்குரிய சட்டங்கள் முப்பதுக்கு மேற்பட்டவை இயற்றப்பட்டன. நஷ்டஈட்டுக்குத் தடையாயிருந்த அரசியலமைப்பு 1913-இல் திருத்தப்பட்டது. 1914-இல் புதிய நஷ்டஈட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

கவர்னர் பதவி எய்திய ஸ்மித், 1919-இல் அம்மையாரை மாகாணத் தொழிற் கமிஷன் உறுப்பினராக்கினார். காயமுற்றவரும் இன்ஷூரன்ஸ் கம்பெனியாரும் தமக்குள் நேரே பேசி முடித்துக்கொள்ளும் வழக்கம் அதுகாறும் இருந்தது. எழுத்தறியா ஏழையும் கணக்கறிந்த கம்பெனியும் எதிரெதிர் அமர்ந்தால் நிறை எப்பக்கம் தாழும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அவ்வழக்கம் அவ்வாண்டிலேயே நீக்கப்பட்டது. பின்னர் நஷ்டஈட்டு வழக்குகளைத் தீர்க்கும் மன்றத்திற்கு அம்மையாரே தலைவரானார். 1929-இல் கவர்னர் ரூஸ்வெல்ட் அவரை மாகாணத் தொழிற் கமிஷனர் ஆக்கினார்.

அவருடைய இல்வாழ்வு எளிதாயிருக்கவில்லை. 1913-இல் பால் வில்சன் என்பாரை மணந்து ஒரு பெண்மகவைப் பெற்றார். சில ஆண்டுகளிற் கணவர் மனநோய்க்கு ஆளாயினார். குடும்பப் பாரம் முழுவதையும் அம்மையாரே தாங்கினார்.

மந்திரி பதவி

1933-இல் குடியரசுத் தலைவரான ரூஸ்வெல்ட் அவரைத் தொழில் மந்திரியாகுமாறு அழைத்தார். நாட்டில் உழைப்போருள் நால்வரில் ஒருவர் வேலையற்றிருந்த காலம் அது. அம்மையார் உடனே இசையவில்லை. முதியோர்க்கும் வேலையற்றோர்க்கும் காப்பு, தொழிலாளர் நஷ்டஈடு, அரசாங்க வேலை வாய்ப்பு நிலையங்கள், குறைந்த அளவுக் கூலி, சிறார் வேலைத் தடை, மருத்துவக் காப்பு ஆகியவற்றை நிரல்பட எழுதிக் காட்டி, இவற்றிற்குத் தலைவர் உடன்பட்டாலன்றிப் பதவி ஏற்பதில்லை எனத் தெரிவித்தார். தலைவர் உடன்பட்டார். அந்நாட்டு மந்திரி சபையில் அமர்ந்த முதற் பெண்மணி இவரே.

அவ்வாண்டு ஜூன் 6-ஆம் நாள் வாக்னர்-பைசர் சட்டம் நிறைவேறியது. இச்சட்டத்தைக் கொணர்ந்தோருள் ஒருவர் முன்னர்ப் பனியேணிக்குத் தவழ்ந்து சென்ற அதே வாக்னர். இதனால் மத்திய அரசாங்கத்தின் பொருளுதவியும் மேற்பார்வையும் பெற்ற வேலை வாய்ப்பு நிலையங்கள் மாகாணங்கள்தோறும் அமைந்தன. தரகுக் கூலி இன்றி வேலை தேட வழி பிறந்தது. பிலடெல்பியாவில் அம்மையார் கண்ட துன்பத்திற்கு இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் மருந்து கிடைத்தது.

முதுமைக்குக் காப்பு

1934-இல் பொருளாதாரக் காப்புக் குழுவிற்கு அம்மையார் தலைவரானார். உறுப்பினர்கள் ஒருமுடிவுக்கு வாராது நாட்கடத்தவே, ஓரிரவு அவர்களைத் தம் இல்லத்திற்கு அழைத்து, தொலைபேசியையும் துண்டித்துவிட்டு, முடிவு காணும்வரை எழவிடாது அமர்த்தினார் என்பர். அக்குழுவின் உழைப்பினாற் பிறந்த சமூகக் காப்புச் சட்டத்தில் 1935-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14-ஆம் நாள் ரூஸ்வெல்ட் கையொப்பமிட்டார். தொழிலாளியும் முதலாளியும் ஒத்த அளவிற் செலுத்தும் தொகையினின்று, 65 வயது நிரம்பியோர்க்கு உபகாரச் சம்பளம் அளிப்பது அதன் தலையாய பகுதி. வேலையிழந்தோர் உதவிக்கும் அதில் இடம் உண்டு. மாதந்தோறும் வழங்கும் உபகாரச் சம்பளத்தின் முதற்கொடை 1940 ஜனவரியில் வெர்மாண்ட் மாகாணத்து மூதாட்டியார் ஒருவருக்கு வழங்கப்பட்டது. தொகை 22 டாலர் 54 சென்ட். அஃது எவரும் இரங்கி அளித்த பிச்சையன்று. அவர் பெயரால் எழுதப்பட்ட உரிமை.

குறையையும் மறைக்கலாகாது. வயலில் உழைப்போரையும் வீட்டு வேலை செய்வோரையும் சட்டமன்றம் அம்முதற் சட்டத்தினின்று விலக்கிவிட்டது. கறுப்பின மக்களுட் பலர் செய்துவந்தவை இத்தொழில்களே. 1950, 1954 ஆகிய ஆண்டுகளின் திருத்தங்களாலேயே இவர்கள் படிப்படியாகச் சேர்க்கப்பட்டனர். அம்மையார் விரும்பிய மருத்துவக் காப்பும் அன்று கைகூடவில்லை.

1938-இல் குறைந்த அளவுக் கூலிச் சட்டமும் நிறைவேறியது. பழியும் வாராமலில்லை. வெளிநாட்டிற் பிறந்த துறைமுகத் தொழிலாளர் தலைவர் ஒருவரை நாடு கடத்தவில்லை எனக் குற்றஞ்சாட்டி, 1939-இல் அம்மையாரைப் பதவி நீக்கத் தீர்மானம் கொணர்ந்தனர். விசாரித்த குழு அதற்கு ஆதாரமில்லை எனத் தள்ளியது. பன்னிரண்டு ஆண்டுகள் பதவியில் இருந்து 1945-இல் விலகினார். பின்னர் கார்னெல் பல்கலைக் கழகத்தில் ஆசிரியப் பணி ஏற்று, 1965 மே 14-ஆம் நாள் தமது 85-ஆம் வயதில் மறைந்தார்.

அவருக்குப் பின்

அவர் மறைவதற்கு முன்னமே புதிய குறையொன்று வெளிப்பட்டது. ஸ்டூடிபேக்கர் என்னும் மோட்டார்க் கம்பெனி 1963-இல் தன் சவுத் பெண்ட் ஆலையை மூடிற்று. கம்பெனி தருவதாக ஏற்றிருந்த உபகாரச் சம்பளத்திற்குப் போதிய நிதி சேர்க்கப்பட்டிருக்கவில்லை. தொழிலாளர் நாலாயிரவர்க்கு மேற்பட்டோர் தமக்குரியதில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கே பெற்றனர். இத்தகைய நிதிகளைக் காக்கும் சட்டம் 1974-இல் வந்தது. அதனை நடத்தும் பொறுப்பிற் பெரும்பங்கு தொழில் இலாகாவுக்கே அளிக்கப்பட்டது. 1980-இல் வாஷிங்டனில் அவ்விலாகாவின் மாளிகைக்கு அம்மையாரின் பெயர் சூட்டப்பட்டது.

அன்பர்களே! இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? உற்றார் உதவியும் சங்கத்தின் உதவியும் உயர்ந்தனவே. அவற்றை விடுதல் கூடாது. ஆயினும் அவை கொடுப்போர் மனத்தையும் பொருளையும் பொறுத்தவை. உரிமையோ சட்டத்தைப் பொறுத்தது. சட்டமோ அதனைக் கண்காணிப்போரைப் பொறுத்தது. காண்போர் இல்லாதவிடத்துச் சட்டம் பூட்டிய கதவேயாகும். ஆதலின், நம் குடும்பங்களில் வேலைக்குச் செல்வோர் தமக்குரிய நஷ்டஈடு, சேமநிதி, உபகாரச் சம்பளம் ஆகியவற்றின் விவரத்தைக் கேட்டறிதல் வேண்டும். வீட்டிலுள்ள பெண்மக்களும் அவற்றை அறிந்திருத்தல் வேண்டும். துன்பம் நேர்ந்த நாளில் விண்ணப்பம் எழுதவேண்டியவர் பெரும்பாலும் அவர்களே. நம் பெண்களை மேலும் படிக்கவைத்தலும், எளியோர்க்காக எழுதிக் கேட்கும் திறத்தை அவர்க்கு அளித்தலும் அம்மையாரை நினைவுகூரும் நல்வழியாம்.