எமிலி பால்ச் அம்மையார்

பொருளாதாரம் என்றவுடன் அங்காடி விலையும் எண்கள் நிறைந்த அட்டவணைகளுமே நம்மில் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. அந்தக் கல்வியை ஏழைகளின் நலனுக்கும் உலக சமாதானத்திற்கும் பயன்படுத்திய பெண்மணி ஒருவரின் வாழ்வை இங்கே காண்போம்.

எமிலி கிரீன் பால்ச் 1867-ஆம் ஆண்டு ஜனவரி 8-ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடுத்த ஜமைக்கா பிளெயினில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். பதினேழாம் வயதில் எமிலி அன்னையை இழந்தார். பெண்களுக்கு உயர்கல்வி எதற்கு என்று பலரும் கேட்ட காலம் அது. 1885-இல் பென்சில்வேனியாவில் பிரின் மார் மகளிர் கல்லூரி திறக்கப்பட்டது. மறு ஆண்டே எமிலி அதில் சேர்ந்தார். ஒரே துறைக்குள் மாணவியரை அடைத்துவிடாமல், மொழி, வரலாறு, அறிவியல் எனப் பலவற்றையும் பயிற்றுவித்த கலைக் கல்லூரி அது. முதலில் இலக்கியத்தை விரும்பிய எமிலி, பின்னர் பொருளாதாரத்தின்பால் திரும்பினார். 1889-இல் அங்கு பட்டம் பெற்ற முதல் வகுப்பு மாணவியருள் அவரும் ஒருவர்.

கல்லூரியின் உதவித்தொகை பெற்றுப் பாரிஸ் சென்று, பிரான்சில் ஏழைகளுக்கு அரசு உதவும் முறையை ஆராய்ந்தார். அந்த ஆய்வு 1893-இல் நூலாயிற்று. பாஸ்டனில் ஏழைகளிடையே தொண்டாற்றிய டெனிசன் இல்லத்தைத் தோழியருடன் நிறுவினார்.

1896-இல் வெல்லெஸ்லி மகளிர் கல்லூரியில் பொருளாதார ஆசிரியையானார். நூலகத்தில் படித்தால் மட்டும் போதாது, நேரில் சென்று பார்த்தால்தான் சொந்தமாக முடிவு செய்ய முடியும் என்று மாணவியரை வற்புறுத்தினார். தாமும் அவ்வாறே நடந்தார். ஸ்லாவிய மக்கள் அமெரிக்காவில் குடியேறுவது ஏன் என்றறிய, அவர்களுடைய தாயகமான ஆஸ்திரிய-ஹங்கேரி நாட்டிற்கே சென்று, 1910-இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். 1913-இல் துறைத் தலைவரானார்.

மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. 1915-இல் ஹேக் நகரில் கூடிய பெண்கள் மாநாட்டிற்குச் சென்ற எமிலி, போரை நிறுத்தச் சமரசம் வேண்டிப் பல நாட்டுத் தலைவர்களைக் கண்டு பேசினார். 1917-இல் அமெரிக்காவும் போரில் இறங்கியது. அப்பொழுதும் அவர் தம் கொள்கையைக் கைவிடவில்லை. ஆதலால் கல்லூரி நிர்வாகம் அவருடைய பதவியைப் புதுப்பிக்க மறுத்தது. இருபதாண்டுகளுக்கு மேல் வகித்த வேலையை ஐம்பத்திரண்டாம் வயதில் இழந்தார். வாய்மூடி இருந்திருந்தால் பதவி நிலைத்திருக்கும். மனச்சாட்சி அதற்கு இடந்தரவில்லை.

அதே 1919-இல், சமாதானத்திற்கும் சுதந்திரத்திற்குமான அனைத்துலகப் பெண்கள் சங்கத்தின் செயலாளராகி, ஜெனீவாவில் பணிபுரியத் தொடங்கினார். 1926-இல் அமெரிக்கப் படையின் பிடியிலிருந்த ஹெயிட்டி நாட்டிற்குச் சென்று நிலைமையை ஆராய்ந்து, படை விலக வேண்டும் என்று எழுதினார். 1934-இல் படை விலகியது. 1935-இல் வெல்லெஸ்லி கல்லூரியே போர்நிறுத்த நாளில் உரையாற்ற அவரை அழைத்தது.

1946-இல் சமாதானத்திற்கான நோபல் பரிசு அவருக்கும் ஜான் மோட்டுக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது. இப்பரிசைப் பெற்ற மூன்றாவது பெண்மணி எமிலி. தம் பங்குத் தொகையை அச்சங்கத்திற்கே அளித்தார். 1961 ஜனவரி 9-ஆம் நாள், தொண்ணூற்று நான்கு வயது நிறைந்த மறுநாள், மறைந்தார்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் என்ன படிக்கலாம் என்று நாம் எண்ணுகின்றோம். எதைப் படித்தாலும், அது யாருக்குப் பயன்படும் என்றும் எண்ணுவோமாக. எமிலி அம்மையாரின் வாழ்வு நமக்குக் கற்பிக்கும் பாடம் அதுவே.