நாத்திகர் கோராவும் நல்லோர் ஈடேற்றமும்

இறைவன் உண்டென்று ஒப்பாத ஒருவர், ஒழுக்கத்தால் உயர்ந்தவராய் வாழ்ந்து மறைந்தால், அவருக்கு ஈடேற்றம் உண்டா? சமய நூலோர் நெடுங்காலமாய் வாதிட்டு வரும் இவ்வினா, சென்ற ஆண்டு பசறையில் எங்கள் இலக்கிய வட்டத்தில் எதிர்பாராத விதமாய் எழுந்தது. எழுப்பியவள் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி. அவளுடைய பாட்டனார் தோட்டத் தொழிலாளி, சங்கத்துக்காக உழைத்தவர், லயத்தில் எவருக்கு நோய் கண்டாலும் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வதில் முன்னின்றவர். ஆயினும் கோயிற்படி ஏறாதவர். அவர் இறந்து கருமாதி முடிந்த அன்று, சாமி இல்லை என்று சொன்னவருக்குக் கதி ஏது என்று உறவினர் சிலர் அந்தப் பெண்ணின் காதுபடப் பேசினராம். அதனை எங்கள் முன் சொல்லும்போது அவள் குரல் கம்மிற்று.

நான் சைவன். திருநீறு பூசாமல் பாடசாலைக்குச் சென்ற நாள் எனக்கு நினைவில்லை. ஆதலின் எங்கள் நூல்களிலேயே முதலில் விடை தேடினேன். பெரிய புராணத்துச் சாக்கிய நாயனார் நினைவுக்கு வந்தார். புத்தர் கோலத்தில் நின்றபடியே சிவலிங்கத்தின்மேல் நாள்தோறும் கல்லெறிந்து முத்தி பெற்றவர் அவர். ஆனால் உள்ளத்தே அன்பு நிறைந்து எறிந்த கல் அது. புறக்கோலம் எதுவாயினும் அவர் அடியாரே. உண்மையாகவே நம்பாதவருக்கு அவர் கதை உதவாது. கத்தோலிக்கத் திருச்சபையோ 1964ஆம் ஆண்டில், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ஏடொன்றில் ஒரு கதவைத் திறந்தது. தம் குற்றமின்றிக் கடவுளை அறியாதிருந்து, நேர்மையாய் வாழ முயல்வோரையும் இறையருள் கைவிடாது என்பது அதன் கருத்து. அதுவும் அறியாதவரைப் பற்றியதே. அறிந்து, ஆராய்ந்து, வேண்டாம் என்று சொன்னவரை என் செய்வது?

இவ்விடத்தில்தான் எனக்குக் கோராவின் வாழ்க்கை துணைக்கு வந்தது. ஆந்திர நாட்டில் அவர் பெயரை அறியாதார் சிலரே. நம்மவர் போதிய அளவு அறிந்திலர். கோபராஜு ராமச்சந்திர ராவ் என்னும் நீண்ட பெயரைச் சுருக்கிக் கோரா என்று வைத்துக்கொண்டவர் அவர். 1902 நவம்பர் 15இல், இன்றைய ஒடிசாவிலுள்ள சத்ரபூரில் அந்தணர் குலத்தில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியலில் எம்.ஏ. பட்டம் பெற்றார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் ஆசிரியராய் இருந்தபோது, கிறிஸ்தவராய் மாறினால் அமெரிக்கா சென்று மேற்படிப்புப் படிக்கும் வாய்ப்புக் கிட்டும் என்ற நிலை வந்தது. பதவிக்காகச் சமயம் மாறுவது முறையன்று என்று மறுத்துவிட்டார். அப்போது அவர் நாத்திகருமல்லர் என்பதை நோக்க வேண்டும். உண்மைக்கு ஒவ்வாததை ஊதியத்துக்காகச் செய்யலாகாது என்னும் பிடிவாதம் நாத்திகத்துக்கு முன்பே அவரிடம் குடிகொண்டிருந்தது.

1920களின் நடுப்பகுதியில் அவர் நம் நாட்டுக்கும் வந்து, கொழும்பு ஆனந்தாக் கல்லூரியில் சிறிது காலம் கற்பித்தார். படைத்துக் காக்கும் கடவுளைப் பற்றிப் பேசாமலே அறத்தைப் போதிக்கும் பௌத்தச் சூழல் அக்கல்லூரியினது. அது அவர் மனத்தில் என்ன செய்தது என்று கற்பனை செய்ய நான் விரும்பவில்லை. முதியங்கனை விகாரைக்குப் பூத்தட்டுடன் செல்லும் அயலாரைக் கண்டு வளர்ந்த நமக்கு மட்டும் இச்செய்தி சற்று நெருக்கமாய்ப் படும்.

தாயகம் திரும்பியபின் அவர் ஐயம் முற்றிற்று. பேய் குடியிருப்பதாய்ச் சொல்லப்பட்ட வீட்டிலே துணிந்து வாழ்ந்து பார்த்தார். பூணூலைத் துறந்தார், அதனால் தந்தையார் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. 1933இல் காக்கிநாடாக் கல்லூரி, நாத்திகம் பேசுகிறார் என்று அவரை வேலையினின்று நீக்கியது. பின்னர் மசூலிப்பட்டினத்து இந்துக் கல்லூரியிலும் அதுவே நிகழ்ந்தது. 1940இல் கிருஷ்ணா மாவட்டத்து முதுனூர் என்னும் கிராமத்துக்கு மனைவி மக்களுடன் குடிபெயர்ந்து நாத்திக மையத்தை நிறுவினார். மாதச் சம்பளத்தின் அருமை ஆசிரியர்களாகிய நமக்குத் தெரியும். கொள்கைக்காக இருமுறை அதனை இழந்தவரை எளிதில் எடைபோட்டுவிட முடியாது.

முதுனூரில் அவர் கையாண்ட வழி வெகு எளியது. பௌர்ணமிதோறும் எல்லாச் சாதியாரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் சமபந்தி விருந்து. தீண்டப்படாதார் என்று ஒதுக்கப்பட்டோர் அருகே, முன்பு நிழல் பட்டாலும் குளித்தவர்கள் அமர்ந்து உண்டனர். அவருடைய வாழ்க்கைத் துணைவி சரஸ்வதி அம்மையாரும் இதில் சமபங்காளர். தீமிதிக்குத் தெய்வ அருள் வேண்டியதில்லை என்று காட்டத் தாமே தணலில் நடந்தவர் அவர். நம் தோட்டங்களில் தீமிதியை வாழ்நாள் நேர்த்தியாய்க் கொள்ளும் மக்கள் இதைக் கேட்டால் முகம் சுளிக்கக்கூடும். எனக்கும் அது உவப்பன்று. 1942இன் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் அக்குடும்பம் சிறையும் புகுந்தது. உப்புச் சத்தியாக்கிரக ஆண்டாகிய 1930இல் பிறந்த மகனுக்கு அவர்கள் இட்ட பெயர் லவணம், அதாவது உப்பு!

இனி, காந்தியடிகளிடம் வருவோம். 1927 நவம்பரில் கதர் நிதி திரட்ட இலங்கைக்கு வந்த அடிகள் பதுளைக்கும் வந்தார் என்பதை இப்பகுதியார் பெருமையோடு நினைவுகூர்வர். இராமநாமமே உயிர்மூச்சாய் வாழ்ந்த அப்பெரியார், நாத்திகரை வெறுத்தவரல்லர். இலண்டனில் மாணவராய் இருந்தபோது, 1891இல், ஆங்கில நாத்திகர் பிராட்லாவின் இறுதிச் சடங்குக்கு அவர் சென்றிருந்தார். கடவுளே சத்தியம் என்று முன்பு சொல்லி வந்ததை மாற்றி, சத்தியமே கடவுள் என்று 1931இல் சுவிட்சர்லாந்தில் விளக்கினார். முதல் வாக்கியத்தை நாத்திகர் ஏற்கமாட்டார். இரண்டாவதை அவராலும் மறுக்க முடியாது.

ஆயினும் கோராவை அவர் உடனே வரவேற்றுவிடவில்லை. 1941இல் கோரா எழுதிய கடிதத்துக்கு, நாத்திகம் தன்னையே மறுப்பது என்றும், பணியில் கண்ட வெற்றி உழைப்பின் நேர்மையால் வந்ததேயன்றி நாத்திகத்தால் வந்ததன்று என்றும் மறுமொழி விடுத்தார். 1944இன் இறுதியில்தான் சேவாக்கிராமத்தில் இருவரும் சந்தித்தனர். கோரா அங்கே தத்துவம் பேசவில்லை. வங்கப் பஞ்சத்தைப் பற்றிப் பேசினார். 1943இல் கல்கத்தாத் தெருக்களில், உணவு நிறைந்த கடைகளின் முன்னாலேயே மக்கள் பட்டினியால் மடிந்தனர். கையை நீட்டி எடுக்கவும் அவர்களுக்குத் துணிவில்லை. அள்ளிக் கொடுக்கக் கடைக்காரருக்கும் மனமில்லை. இருசாராரும் அதனை விதியென்று எண்ணினர் என்பது கோராவின் முடிவு. கடவுள் மேல் பாரத்தைப் போடாமல், தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்று மனிதன் உணரவே நாத்திகத்தைக் கைக்கொண்டதாக அவர் சொன்னார்.

அடிகள் பொறுமையாய்க் கேட்டார். தம் ஆத்திகமே சரியென்றோ கோராவின் நாத்திகம் தவறென்றோ தம்மால் சொல்ல முடியாது என்றும், இருவருமே சத்தியத்தைத் தேடுவோர் என்றும் முடித்தார். எழுபத்தைந்து வயதுப் பக்தர் ஒருவர் இதனைச் சொல்வதற்கு எத்தனை வலிமை வேண்டும்!

கோராவின் வாதத்தில் ஒரு குறை எனக்குத் தென்படுகிறது. தலையெழுத்து என்று சோர்ந்திருப்பதும் இறைவனை நம்புவதும் ஒன்றல்ல. உழவாரப்படை ஏந்திய அப்பரடிகள் சோம்பியிருந்தவரா? 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நம் மக்கள் நாடற்றோரானபோது, விதி என்று அழுதவரும் உண்டு. 1952இல் சத்தியாக்கிரகத்தில் இறங்கியவரும் உண்டு. அவ்விரு சாராருள்ளும் பக்தர்கள் இருந்தனர். ஆனாலும் கொழுந்துக் கூடையைச் சுமக்கும் தாய், தன் மகள் படிப்பை நிறுத்துவதற்கும் தலையெழுத்தையே காரணமாய்ச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் கோரா முற்றும் தவறு என்று சொல்ல என் நா எழுவதில்லை.

அவ்விருவரின் நட்பின் உச்சம் ஒரு திருமணம். தம் மூத்த மகள் மனோரமாவை, தீண்டப்படாதார் எனப்பட்ட குலத்து இளைஞர் அர்ஜுன ராவுக்கு மணம் செய்விக்கக் கோரா முனைந்தார். அடிகள் தாமே சேவாக்கிராமத்தில் நடத்தி வைப்பதாய் ஒப்பினார். மணமகனை ஆசிரமத்தில் தங்கிப் பயிலவும் செய்தார். நாத்திகர் வீட்டு மணத்தில் இறைவன் பெயரால் உறுதிமொழி சொல்வதெப்படி என்ற சிக்கல் வந்தது. கடவுளின் பெயரை விலக்கிச் சத்தியத்தின் பெயரால் உறுதி சொல்லலாம் என்று அடிகளே வழிகாட்டினார். 1948 ஜனவரி 30இல் அவர் சுடப்பட்டு மறைந்தார். மார்ச் மாதத்தில், அவர் இசைந்த முறைப்படியே, சேவாக்கிராமத்தில் அம்மணம் நிறைவேறிற்று. பன்னிரண்டு ஆண்டுகளின் பின், லவணமும் தெலுங்குக் கவிஞர் குர்ரம் ஜாஷுவாவின் மகள் ஹேமலதாவை அங்கேயே மணந்தார். ஜாஷுவாவும் ஒடுக்கப்பட்ட குலத்தவரே.

பின்னாளில் கோரா விஜயவாடாவுக்குப் பெயர்ந்த தம் மையத்திலிருந்து இதழ்கள் நடத்தினார். கட்சியற்ற ஜனநாயகம் வேண்டிச் சேவாக்கிராமத்திலிருந்து டில்லி வரை நடந்தார். இவற்றிற் பல நடைமுறைக்கு ஒவ்வாதவை என்பது என் எண்ணம். 1975 ஜூலை 26இல் விஜயவாடாவில் ஒரு கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கையிலேயே உயிர் நீத்தார்.

அவர் ஈடேறினாரா? அவரிடமே கேட்டிருந்தால், இறந்தபின் ஈடேற ஏதுமில்லை, பந்தியில் இன்னும் இடம் கிடைக்காதவனைப் பாருங்கள் என்ற பொருள்படவே சொல்லியிருப்பார். நான் அவர் போல் சொல்ல இயலாதவன். எனக்கு ஈடேற்றத்தில் நம்பிக்கை உண்டு. ஆகவே என் விடை வேறு. அன்பே உருவான இறைவன், தன் பெயரைச் சொல்லவில்லை என்பதற்காகக் கோராவை வாயிலில் நிறுத்தி வைப்பான் என்று நம்புவதே எனக்கு நாத்திகமாய்த் தோன்றுகிறது. சித்தாந்தம் கற்ற நண்பர் ஒருவர் இதற்கு மறுப்புச் சொல்கிறார். அருள் இன்றி மலநீக்கம் இல்லை என்பது அவர் கட்சி. அருள் யார் மேல் எப்போது படியும் என்று வரையறுக்க நாம் யார் என்பது என் கட்சி. வழக்கு இன்னும் தீரவில்லை. அந்த மாணவிக்கு இவ்விரு கட்சியையும் எடுத்துரைத்து, கோராவின் கதையையும் சொன்னேன். தன் பாட்டனாரின் பழைய சங்க அட்டையைத் தாய் சாமிப் படங்களுக்கிடையே வைத்திருப்பதாக அவள் சொன்னாள்.

இன்னொரு செய்தி. வினோபா அடிகள் பூதான யாத்திரையாய் ஆந்திர நாட்டில் ஊர் ஊராய் நடந்தபோது, கீதை மணக்கும் அவருடைய சொற்பொழிவுகளைத் தெலுங்கில் மொழிபெயர்த்து மக்களுக்கு எடுத்துரைத்தவர், கோராவின் மகனான அந்த லவணமே.