மருத்துவ அறிஞர் சுப்பாராவ்: கடல் கடந்த ஒரு வாழ்வு

கற்றவர்க்குச் செல்லுமிடமெல்லாம் மதிப்பு உண்டு என்று நம் முன்னோர் நம்பினர். அந்நம்பிக்கை பொய்யன்று. ஆயினும் அம்மதிப்பு அயல்நாட்டின் வாயிலிலேயே நம்மை எதிர்கொள்வதில்லை. அங்கே முதலில் கேட்கப்படுவது சான்றிதழ், அதன்பின் குடியுரிமை, திறமையைப் பற்றிய கேள்வி மிகவும் தாமதமாகவே வருகிறது.

நம் மண்ணூர் வட்டாரம் இதனை நன்கு அறியும். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிய பின்னர், திருப்பெரும்புதூரிலும் ஒரகடத்திலும் ஆலைகள் பெருகின. கொரியப் பொறியாளர்கள் இங்கே வந்து குடியமர்ந்தனர். வட மாநிலத் தொழிலாளர்கள் நம் தெருக்களில் அறை எடுத்துத் தங்கினர். நம் இளைஞர்களோ பட்டத்தைக் கையில் ஏந்தி அயல்நாட்டு விமானத்தை எண்ணிக்கொண்டிருக்கின்றனர். எனவே, கவிஞர்களின் வாழ்வைப் பேசும் இம்மலரில் மருத்துவ அறிஞர் எல்லப்பிரகத சுப்பாராவின் வாழ்வையும் எண்ணிப் பார்ப்பது பொருத்தமே.

அவர் 1895 ஜனவரி 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். குடும்பம் வறுமையில் உழன்றது. சிறுவனாக இருந்தபோதே பொருள் ஈட்டக் காசிக்குப் புறப்பட்டவரைத் தாய் மீட்டு வந்து பள்ளியில் சேர்த்தார். சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாம் முயற்சியில்தான் பள்ளி இறுதித் தேர்வில் வென்றார். மாநிலக் கல்லூரியில் பயின்றபின் இராமகிருஷ்ண மடத்தில் துறவியாக விழைந்தார், தாய் இசையவில்லை. நோயுற்றோர்க்குத் தொண்டு செய்யலாம் என்ற எண்ணம் அவரைச் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துச் சென்றது. படிப்புச் செலவுக்கு மாமனார் துணை நின்றார்.

அங்கேதான் அவர் வாழ்வின் முதல் தடை முளைத்தது. காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, அறுவை மருத்துவக் கூடத்திலும் கதர் அங்கி அணிந்தார். ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளானார். எழுத்துத் தேர்வுகளில் சிறந்திருந்தும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றே கிடைத்தது. அரசு மருத்துவப் பணியும் கைகூடவில்லை. சென்னையில் டாக்டர் லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்து வந்தார். இதற்கிடையில் அவருடைய உடன்பிறந்தார் இருவர் சில நாள் இடைவெளியில் ஸ்ப்ரூ எனும் கொடிய வயிற்று நோய்க்குப் பலியாயினர். அந்நோய்க்கு அப்போது மருந்தில்லை.

மாமனார் திரட்டிய பணத்தையும், காக்கிநாடா மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறநிலையம் அளித்த உறுதியையும் நம்பி, 1920களின் தொடக்கத்தில் அவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இறங்கினார். சில ஆண்டுகளில் திரும்பும் எண்ணத்துடன் மனைவி சேஷகிரியை ஊரிலேயே விட்டுச் சென்றார். ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவம் பயில இடம் கிடைத்தது. ஆனால் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராகச் சேர எல்.எம்.எஸ். போதாது என்று மறுத்துவிட்டனர். ஒரு கதர் அங்கிக்காகச் சென்னையில் இழைக்கப்பட்ட அநீதி, பல்லாயிரம் கல் கடந்து பாஸ்டனிலும் அவரைப் பின்தொடர்ந்தது. மருத்துவம் கற்ற அம்மனிதர் வயிற்றுப்பாட்டுக்காக மருத்துவமனை ஒன்றில் இரவுப் பணியாளாகி, நோயாளிகளின் மலசலக் கலங்களைக் கழுவினார்.

பகலில் அவர் சைரஸ் ஃபிஸ்கே என்பாரின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசை அளக்கும் முறையை இருவரும் 1925இல் வெளியிட்டனர். அம்முறை இன்றும் இருவர் பெயராலும் வழங்குகிறது. தசையில் ஆற்றலைத் தேக்கும் பாஸ்போகிரியேட்டினை 1927இலும், உயிரணுவின் ஆற்றல் நாணயமாகிய ஏ.டி.பி. எனும் பொருளை 1929இலும் அவர்கள் அறிவித்தனர். ஏ.டி.பி.யை ஜெர்மனியில் லோமன் என்பாரும் அதே ஆண்டில் தனியே கண்டறிந்தார். 1930இல் சுப்பாராவ் டாக்டர் பட்டம் பெற்றார். இத்தனைக்கும் பின்னரும் ஹார்வர்டு அவருக்கு நிலையான பதவி தரவில்லை.

குடியுரிமைக் கதவும் மூடியே இருந்தது. 1917ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியர் குடியேறுவதைத் தடுத்தது. மாணவர் போன்ற சிலருக்கே விலக்கு இருந்தது. 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர் குடியுரிமை பெறத் தகுதியற்றவர் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1946இல்தான் அத்தடை சட்டத்தால் நீங்கியது. அப்போதும் ஆண்டுக்கு 100 பேர் குடியேறவே அனுமதி. ஏறத்தாழக் கால் நூற்றாண்டு அந்நாட்டில் உழைத்த சுப்பாராவ், இறுதிவரை அதன் குடிமகன் ஆகவில்லை.

1940இல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். விரைவில் ஆராய்ச்சி இயக்குநரானார். பல்கலைக்கழகம் தராத இடத்தைத் தொழில்துறை தந்தது. அவர் வழிநடத்திய குழு 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கியது. உடன்பிறந்தாரைக் கொண்டுசென்ற ஸ்ப்ரூ நோய்க்கு அதுவே மருந்தாயிற்று. ஃபோலிக் அமிலத்தின் செயலை முடக்கும் பொருள்களையும் அக்குழு உருவாக்கியது. அவற்றுள் ஒன்றான அமினோப்டெரினைக் கொண்டே சிட்னி ஃபார்பர், குருதிப் புற்றுற்ற குழந்தைகள் சிலரின் நோயைத் தற்காலிகமாகத் தணித்து 1948இல் உலகுக்கு அறிவித்தார். மெத்தோட்ரெக்சேட் அவ்வழியில் வந்ததே. யானைக்கால் நோய்க்கான ஹெட்ரசான், டக்கர் கண்ட ஆரியோமைசின் ஆகியனவும் அவர் பொறுப்பிலிருந்த ஆய்வுக்கூடங்களின் ஆக்கங்களே.

1948 ஆகஸ்டில், 53ஆம் வயதில், உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. தாய்நாட்டுக்கு அவர் திரும்பவேயில்லை. காத்திருந்த சேஷகிரி அம்மையார் கணவரை மீண்டும் காணவில்லை. 1995இல் அவருடைய நூற்றாண்டையொட்டி இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது.

இவ்வாழ்வைத் துன்பத்தின் புகழ்ச்சியாகப் படித்தல் தவறு. மலசலக் கலம் கழுவியதால் அவர் அறிஞராகவில்லை. கழுவிய இரவுகள் ஆய்விலிருந்து பறிக்கப்பட்ட இரவுகள். வீட்டாரின் பொருளும் மனைவியின் தனிமையும் அந்த வெற்றிக்கு விலையாயின. ஓர் ஆய்வுக்கூடத்தின் கதவேனும் திறந்ததால் இவர் பெயரை நாம் அறிகிறோம். அதுவும் திறவாமல், இரவுப் பணியிலேயே முடிந்துபோன திறமைகளின் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை.

நம் ஊர்ப்புறச் சுகாதார நிலையங்களில் கருவுற்ற பெண்களுக்குத் தரும் மாத்திரையில் இரும்புச் சத்துடன் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. யானைக்கால் ஒழிப்புக்காகத் தமிழகத்தில் வீடுவீடாக வழங்கப்பட்டது, ஹெட்ரசான் என்ற பெயரில் முதலில் வந்த அதே மருந்து. அவற்றை விழுங்கியோர் சுப்பாராவின் பெயரைக் கேட்டதில்லை. அதை ஊரறியச் சொல்லும் பணி பாடுவோர்க்கு உரியது. கடல் கடக்கும் நம் பிள்ளைகளைப் பாடும்போது, வேற்றுமொழி பேசிக்கொண்டு நம் தெருவுக்கு வந்து நிற்பவனின் கையில் என்ன திறமை இருக்கிறது என்பதையும் வட்டத்துக் கவிஞர்கள் கேட்டறிந்து எழுதுதல் வேண்டும்.