விழுந்தவரைத் தூக்கிவிட்ட வில்லியம் பூத்

இந்த முறை நான் எழுதுவது இங்கிலாந்துக்காரர் ஒருவரைப் பற்றி. பெயர் வில்லியம் பூத். இரட்சணிய சேனை என்று கேள்விப்பட்டிருப்பீங்க, அதை ஆரம்பித்தவர் இவர்தான்.

1829 ஏப்ரல் 10-ஆம் தேதி நாட்டிங்காம் நகரில் பிறந்தார். அப்பா தொழிலில் நொடித்துப் போனதால் 13 வயதில் படிப்பை விட்டுவிட்டு அடகுக் கடை வேலைக்குப் போனார். நம்மைவிட ஒரு வயசு சின்னவர்! கொஞ்ச நாளில் அப்பாவும் இறந்துபோனார். அந்த வேலை அவருக்குப் பிடிக்கவே இல்லை. ஆனால் துணிமணியை அடகு வைக்க வருகிற ஏழைகளை அங்கேதான் தினமும் பார்த்தார்.

1849-ல் லண்டன் போனார். 1855-ல் கேத்தரினைக் கல்யாணம் செய்தார். எட்டுப் பிள்ளைகள். 1865-ல் கிழக்கு லண்டனில் சாராயக் கடைக்கு வெளியே தெருவில் நின்று பிரசங்கம் செய்ய ஆரம்பித்தார். 1878-ல் அந்த சங்கத்துக்கு இரட்சணிய சேனை என்று பெயர் வைத்தார்கள். இவர் ஜெனரல். குடிக்கிறவங்களை நிறுத்தச் சொன்னால் கடைக்காரங்க சும்மா இருப்பாங்களா? எலும்புக்கூடு சேனை என்று பேர் வெச்சுக்கிட்டு ஒரு கும்பல் கல்லையும் அழுகின முட்டையையும் எறிந்தது.

1887 கடைசியில் ஒரு நாள் ராத்திரி லண்டன் பாலத்தைக் கடந்து வந்தார். அங்கே குளிரில் ஆட்கள் படுத்துக் கிடந்தார்கள். (குளிர்னா நம்ம மார்கழிக் குளிர் இல்லை, ஆளையே கொல்லும்.) மறுநாள் காலையில் மகன் பிராம்வெல்லைக் கூப்பிட்டு, ஒரு கிடங்கைப் பிடித்து இவங்களுக்குப் படுக்க ஏற்பாடு பண்ணச் சொன்னார். 1888-ல் லைம்ஹவுஸ் என்ற இடத்தில் முதல் தங்குமிடம் திறந்தார்கள். நாலு பென்னிக்கு ராத்திரிச் சாப்பாடு, படுக்கை, காலைச் சாப்பாடு. காசு இல்லாதவங்க வேலை செய்து கழிக்கலாம். ராத்திரி கூட்டத்தில் குடியை விட்டவங்களே எழுந்து தங்கள் கதையைச் சொல்வாங்க. கேட்கிறவங்களுக்கு, இவனால முடிஞ்சா நம்மாலும் முடியும்னு தோணும் இல்லையா? எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

1890-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் ஒரு வண்டிக் குதிரையைப் பற்றிச் சொல்கிறார். லண்டன் தெருவில் குதிரை விழுந்தால், அது யார் தப்பு என்று யாரும் விசாரிப்பதில்லை. முதலில் தூக்கி நிறுத்துறாங்க. அதுக்குத் தீனி, கொட்டகை, வேலை மூணும் உண்டு. மனுஷனுக்கு இந்த அளவாவது கொடுங்கள் என்பதுதான் அவர் கேட்டது. நம்ம பஸ் ஸ்டாண்டில் ஒருத்தர் குடித்துவிட்டு விழுந்து கிடந்தால் எல்லாரும் சுத்திக்கிட்டுத்தானே போறாங்க!

அடங்காத குடி, கண்நோய் மாதிரி ஒரு வியாதிதான் என்றும் எழுதினார். அந்தக் காலத்தில் பெரும்பாலானவங்க அதைக் குணக்கேடு என்றுதான் நினைத்தாங்க. இன்னொன்றும் சொன்னார். வீடில்லாதவனுக்கு வெளிச்சமும் கதகதப்பும் கிடைக்கிற ஒரே இடம் சாராயக் கடை. தெருவிலேயே படுக்க வெச்சுட்டுக் குடிக்காதேன்னு சொன்னா எப்படி?

புத்தகம் வெளிவரும் முன்பே, அக்டோபர் 4-ஆம் தேதி, கேத்தரின் புற்றுநோயில் இறந்துபோனார். அந்தத் துக்கத்திலும் இவர் வேலையை விடவில்லை. திட்டத்துக்கு ஒரு லட்சம் பவுன் கேட்டார். ஜனங்க கொடுத்தாங்க. எல்லாரும் பாராட்டினாங்க என்று நினைக்க வேண்டாம். ஹக்ஸ்லி என்ற பெரிய விஞ்ஞானி, ஒரே ஆள் கையில் இவ்வளவு பணமும் அதிகாரமும் இருக்கலாமா என்று பத்திரிகையில் எழுதினார். என்னைக் கேட்டால் அது நியாயமான கேள்விதான்.

1891-ல் எசெக்ஸ் பகுதியில் ஹாட்லி என்ற ஊரில் பண்ணை வாங்கினார். லண்டன் தெருவில் கிடந்தவங்க அங்கே போய் உழுதாங்க, செங்கல் அறுத்தாங்க. பண்ணைக்குள் சாராயம் கூடாது. திருந்தினவங்களும் உண்டு, பாதியில் ஓடிப்போனவங்களும் உண்டு.

கடைசிக் காலத்தில் பூத்துக்குக் கண் தெரியாமல் போனது. 1912 ஆகஸ்டு 20-ல், 83 வயதில் இறந்தார். கடைசியாகப் பார்க்கப் பல்லாயிரம் பேர் வந்தார்கள். லண்டன் ஆப்னி பார்க்கில் மனைவி பக்கத்திலேயே புதைத்தார்கள். நாகர்கோவிலில் இருக்கிற கேத்தரின் பூத் ஆஸ்பத்திரி அந்த அம்மா பேரில்தான் இருக்கிறது.