மௌனம் காத்த பொறியியலாளர்

அருஞ்செயல் ஆற்றினோர் பலர் தம் வாழ்நாளிலேயே புகழெய்தியுள்ளனர். ஆற்றிய செயலைப் பிறரிடம் கூறவும் உரிமையின்றி நெடுங்காலம் வாழ்ந்தோர் மிகச் சிலரே. கணினி வரலாற்றின் தலைவாயிலில் வைத்துப் போற்றத்தக்க தோமஸ் பிளவர்ஸ் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் அச்சிலருள் ஒருவராவர்.

இலண்டன் மாநகரின் கிழக்கே, உழைப்பாளர் நிறைந்த பொப்லர் என்னும் பகுதியில், கொத்தர் ஒருவரின் மகனாக 1905ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆம் நாள் இவர் பிறந்தார். வூல்விச் படைக்கலச் சாலையிலே தொழில் பயின்றவாறே மாலை வகுப்புகளிற் கற்று, இலண்டன் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பட்டம் பெற்றார். 1926இல் பிரித்தானியத் தபால் திணைக்களத்திற் சேர்ந்து, பின்னர் டொலிஸ் ஹில் ஆராய்ச்சி நிலையத்தில் தொலைபேசி இணைப்பகங்களை ஆராய்ந்தார். வெற்றிடக் குழாய்கள் எளிதிற் பழுதாவன என்று அக்காலத்தார் அஞ்சினர். அவற்றை அடிக்கடி அணைத்து ஏற்றுவதே கேட்டுக்குக் காரணம். இடையறாது இயங்கவிடின் அவை நெடுநாள் உழைக்கும் என்பதைப் பிளவர்ஸ் தம் அனுபவத்தால் அறிந்திருந்தார்.

இரண்டாம் உலகப் போர் மூண்டது. ஹிட்லரின் தலைமைப்பீடம் தன் தளபதிகளுக்கு விடுத்த செய்திகளை, பன்னிரு சக்கரங்கள் கொண்ட லொரென்ஸ் என்னும் பொறி மறைமொழியாக்கிற்று. பிளெச்லி பார்க்கிலே பணியாற்றிய பில் டட் என்னும் இளைஞர், அப்பொறியைக் கண்ணாற் காணாமலே அதன் அமைப்பை 1942இல் உய்த்துணர்ந்தார். எனினும் ஒவ்வொரு செய்திக்கும் சக்கரங்களின் தொடக்க நிலையைக் கண்டறிதல் மனிதக் கைக்கு அடங்காத கணக்காயிற்று. முதலிற் செய்த பொறியில் இரு தாள்நாடாக்கள் ஒரே சீராக ஓடவேண்டியிருந்தது. அவை இழுபட்டும் அறுந்தும் தொல்லை தந்தன.

நாடாக்களுள் ஒன்றை அறவே நீக்கி, அதன் வேலையை வெற்றிடக் குழாய்களிடம் ஒப்படைக்கலாம் என்றார் பிளவர்ஸ். ஏறத்தாழ 1,600 குழாய்கள் வேண்டும் எனக் கேட்டோர் ஐயுற்றனர். அவரோ தளரவில்லை. டொலிஸ் ஹில் நிலையத் தலைவரின் ஆதரவோடு, தம் கைப்பணத்தையும் செலவிட்டு, பதினொரு மாதங்களிற் பொறியை ஆக்கி முடித்தார். கொலோசஸ் எனப் பெயர்பெற்ற அது, 1944ஆம் ஆண்டு பெப்ரவரி 5ஆம் நாள் பிளெச்லியிற் பணி தொடங்கி, நொடிக்கு 5,000 எழுத்துகளை வாசித்தது. 2,400 குழாய்கள் கொண்ட இரண்டாம் வடிவம் ஜூன் முதலாம் நாள் இயங்கிற்று. ஐந்து நாட்களின் பின் நேசப்படைகள் நோர்மண்டியில் இறங்கின. போர் முடியும்போது பத்துக் கொலோசஸ்கள் இயங்கிக்கொண்டிருந்தன.

வெற்றிக்குப் பின் நிகழ்ந்ததோ நெஞ்சை வருத்துவது. பொறிகளிற் பெரும்பாலானவை பிரிக்கப்பட்டன. வரைபடங்களை எரித்துவிடுமாறு கட்டளை பிறக்க, தம் அறிவின் பயனைத் தாமே உலையிலிட்டார் பிளவர்ஸ். அரசு அளித்த 1,000 பவுண் அவர் செலவிட்ட தொகைக்கும் போதவில்லை. அத்தகைய கணினியொன்றை ஆக்க அவர் கடன் கேட்டபோது, அது இயங்குமென நம்பாத வங்கி மறுத்தது. முன்பே ஆக்கி இயக்கியுள்ளேன் என்று சொல்ல அவருக்கு வாயிருந்தும் உரிமையில்லை. 1946இல் உலகறிய வெளிவந்த அமெரிக்காவின் எனியாக் முதல் மின்னணுக் கணினி என்னும் புகழைப் பெற்றபோதும் அவர் மௌனமாகவே இருந்தார்.

1970களில் மறைதிரை விலகத் தொடங்கியது. 1977இல் நியூகாசில் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கிற்று. 1998ஆம் ஆண்டு ஒக்டோபர் 28ஆம் நாள் அவர் காலமானார்.

நாட்டின் பொருட்டு ஒருவர் வாய்மூடி நிற்பது அவருடைய கடமையாகலாம். அக்கடமை தீர்ந்தபின் அவரைத் தேடிச் சென்று போற்றுவது நாட்டின் கடமை. அதனை முப்பது ஆண்டுகள் தாழ்த்துதல் செய்ந்நன்றியறிதல் ஆகாது. பிளவர்சோ அக்குறையை மனத்திற் கொண்டு முடங்கினாரல்லர். 1993இல், எண்பத்தேழாம் வயதில், ஹெண்டன் கல்லூரியிலே கணினியின் அடிப்படைப் பாடத்தைப் பயின்று சான்றிதழ் பெற்றார். கணினி யுகத்தைத் தொடக்கிவைத்தோருள் ஒருவர் அதன் அரிச்சுவடியைக் கற்க மாணவராய் அமர்ந்த அக்காட்சியை, நம் மாணவர்க்கு நாம் எடுத்துரைத்தல் வேண்டும்.