50 கிலோமீட்டருக்குள் பிறந்த 11 பேர்: ஐரோப்பாவையே வென்ற அணியை ஜாக் ஸ்டீன் உருவாக்கியது எப்படி?

சாம்பியன்ஸ் லீக் மாதிரியான பெரிய கிளப் போட்டிகளுக்கு முன்பு ஒவ்வொரு அணியும் தன் வீரர்கள் பட்டியலைக் கொடுக்கும். அதை எப்போதாவது முழுசாகப் படித்துப் பார்த்திருக்கிறீர்களா? ஒரே அணியில் பிரேசில்காரர், செனகல்காரர், ஜப்பான்காரர், நார்வேக்காரர் என்று விமான நிலைய வரிசை மாதிரி இருக்கும்.

சாம்பியன்ஸ் லீக் விதிப்படி பிரதான பட்டியலில் அதிகபட்சம் 25 பேர் இருக்கலாம். அதில் 8 இடங்கள் அந்த கிளப்பிலோ அந்த நாட்டிலோ பயிற்சி பெற்று வளர்ந்தவர்களுக்கு ஒதுக்கப்பட்டவை. அப்படி 8 பேர் இல்லையென்றால் அந்த இடங்கள் காலியாகத்தான் கிடக்கும். சொந்த ஊர்ப் பையன்களைச் சேர்க்க இப்போது விதி போட வேண்டியிருக்கிறது.

ஆனால், 1967-இல் இதே கோப்பையை ஒரு அணி வென்றது. அப்போது அதன் பெயர் ஐரோப்பியக் கோப்பை. இறுதிப் போட்டியில் அந்த அணிக்காக ஆடிய 11 பேருமே கிளப் மைதானத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டருக்குள் பிறந்தவர்கள். அணி ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து செல்டிக். பட்டியலை எழுதியவர் ஜாக் ஸ்டீன்.

இதை ஏதோ மண்ணின் மைந்தர்கள் கதை என்று நினைத்துவிடாதீர்கள். கையில் இருக்கும் ஆட்களில் யாரிடம் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த ஒருவரின் கதை இது.

சுரங்கத்தில் தொடங்கிய வாழ்க்கை

ஸ்டீன் பிறந்தது 1922 அக்டோபர் 5. ஊர், கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் ஹாமில்டனைச் சேர்ந்த பர்ன்பேங்க். அப்பா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. பள்ளியை முடித்ததும் கொஞ்ச நாள் கம்பளத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். பிறகு அவரும் சுரங்கத்துக்குள் இறங்கினார்.

1942-இல் அல்பியன் ரோவர்ஸ் என்ற சிறிய கிளப்பில் தடுப்பாட்டக்காரராகச் சேர்ந்தார். வாரம் முழுக்க நிலத்தடியில் வேலை, வார இறுதியில் ஆட்டம். கால்பந்தை மட்டுமே நம்பி வாழ ஆரம்பித்தது 1950-இல் வேல்ஸின் லானெத்லி கிளப்புக்குப் போனபோதுதான். அப்போது அவருக்கு வயது 27.

அதுவும் நிலைக்கவில்லை. ஹாமில்டனில் அவர்கள் வீட்டில் திருட்டு நடந்தது. குடும்பம் ஊர் திரும்ப நினைத்தது. ஸ்டீனும் மறுபடி சுரங்க வேலைக்கே போய்விடலாம் என்ற நிலைக்கு வந்துவிட்டார். அந்த நேரத்தில்தான், 1951 டிசம்பரில், செல்டிக்கிலிருந்து அழைப்பு வந்தது.

அழைத்தது முதல் அணிக்கு இல்லை. ரிசர்வ் அணியில் ஆடிக்கொண்டே அங்குள்ள இளைஞர்களுக்கு வழிகாட்ட வேண்டும், அவ்வளவுதான். இப்போதைய அலுவலக மொழியில் சொன்னால், பெஞ்சில் உட்காரவே வேலைக்கு எடுக்கப்பட்ட ஆள். ஆனால் முதல் அணியின் தடுப்பாட்டக்காரர்கள் அடுத்தடுத்துக் காயமடைய, வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அதன்பின் அவர் இடத்தை விடவே இல்லை. கேப்டனும் ஆனார். 1954-இல் அவர் தலைமையில் செல்டிக் லீக், ஸ்காட்டிஷ் கோப்பை இரண்டையும் வென்றது. அடுத்த ஆண்டு கணுக்காலில் பட்ட காயம் அவர் ஆட்ட வாழ்க்கையை முடித்துவைத்தது. காலைச் சற்றுச் சாய்த்து நடக்கும் பழக்கம் மட்டும் கடைசி வரை தங்கிவிட்டது.

பட்டியலை எழுதுவது யார்?

கிளப் அவரை ரிசர்வ் அணியின் பயிற்சியாளர் ஆக்கியது. பில்லி மெக்னீல் போன்ற இளைஞர்கள் அவரிடம்தான் பாடம் கற்றார்கள். 1960-இல் டன்ஃபெர்ம்லின் கிளப்பின் மேலாளரானார். மறு ஆண்டே ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியில் செல்டிக்கையே தோற்கடித்தார். பிறகு ஹைபர்னியன். 1965 மார்ச்சில் செல்டிக் அவரைத் திரும்ப அழைத்தது.

இங்கே ஒரு சிக்கல் இருந்தது. அதுவரை செல்டிக்கில் மேலாளர் என்று ஒருவர் இருந்தாலும், யார் ஆடுவது என்பதில் கிளப் தலைவர் ராபர்ட் கெல்லி தலையிடுவார். ஸ்டீனுக்கும் முதலில் இன்னொருவருடன் சேர்ந்து கூட்டுப் பொறுப்பு என்றுதான் பேச்சு வந்தது. அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அணியைத் தேர்வு செய்யும் அதிகாரம் முழுக்கத் தன்னிடம் இருந்தால் மட்டுமே வருவேன் என்று நின்றார். அது கிடைத்த பிறகே வந்தார்.

இன்னொரு விஷயமும் இதில் அடங்கியிருக்கிறது. செல்டிக், கிளாஸ்கோவின் ஐரிஷ் கத்தோலிக்கர்கள் வளர்த்த கிளப். நகரத்தின் மறுபாதி, புராட்டஸ்டன்டுகள் ஆதரிக்கும் ரேஞ்சர்ஸ். ஸ்டீன் புராட்டஸ்டன்ட், அவர் குடும்பமே ரேஞ்சர்ஸ் பக்கம். செல்டிக்கின் முதல் புராட்டஸ்டன்ட் மேலாளர் அவர்தான். 1967 அணியின் 11 பேரிலும் நான்கு பேர் புராட்டஸ்டன்டுகள். எதிரில் ரேஞ்சர்ஸோ, கத்தோலிக்கர்களைச் சேர்ப்பதில்லை என்ற வழக்கத்தைப் பல பத்தாண்டுகள் வைத்திருந்தது. ஆளைப் பார், ஆட்டத்தைப் பார் என்று இருந்தவருக்குத் தேர்ந்தெடுக்க இரண்டு மடங்கு பேர் கிடைத்தார்கள்.

வாங்கியது எத்தனை பேரை?

லிஸ்பன் இறுதிப் போட்டியில் ஆடிய 11 பேரில் ஸ்டீன் விலை கொடுத்து வாங்கி வந்தவர் வில்லி வாலஸ் ஒருவர்தான். மற்றவர்கள்? அவர் வருவதற்கு முன்பே கிளப்பைச் சுற்றி இருந்தவர்கள். அதே ஆட்கள் இருந்தும் 1954-க்குப் பிறகு கிளப் ஒரு லீக் பட்டத்தைக்கூட வெல்லவில்லை.

ஆட்களை மாற்றவில்லை என்றால், எதைத்தான் மாற்றினார்? இடத்தை மாற்றினார். முன்வரிசையில் திணறிக்கொண்டிருந்த பாபி மர்டாக்கை நடுக்களத்துக்கு இறக்கினார். ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்த பெர்ட்டி ஆல்ட், 1966 கோடையில் அமெரிக்கா, கனடாவில் நடந்த நீண்ட சுற்றுப்பயணத்தின்போது மர்டாக்குக்குத் துணையாக நடுவே வந்தார். அந்த ஜோடிதான் அணியின் இதயமானது.

கோல்கீப்பர் ரோனி சிம்ப்சன் கதை இன்னும் சுவாரஸ்யம். ஹைபர்னியனில் இருந்தபோது, இவர் இனி வேண்டாம் என்று செல்டிக்குக்கு அனுப்பிவைத்ததே ஸ்டீன்தான். சில மாதங்களில் ஸ்டீனும் அங்கே வந்து சேர, சிம்ப்சனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் ஸ்டீன் தன் பழைய முடிவைப் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை. சிம்ப்சனின் ஆட்டத்தைப் பார்த்து அவரையே முதல் கோல்கீப்பர் ஆக்கினார். 36 வயதில் சிம்ப்சன் ஸ்காட்லாந்து தேசிய அணிக்கும் முதன்முறையாக ஆடினார். அடுத்த மாதமே ஐரோப்பியக் கோப்பை.

வாலஸை வாங்கியதிலும் கணக்கு இருந்தது. 1966 டிசம்பர் தொடக்கத்தில் அவர் வந்தபோது, கோல்களைக் குவித்துக்கொண்டிருந்த ஜோ மெக்பிரைட் நல்ல நிலையில்தான் இருந்தார். ஆனால் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மெக்பிரைடுக்கு முழங்காலில் காயம். அந்த சீசனே அவருக்கு முடிந்துபோனது. அரையிறுதியில் டுக்ளா பிராக் அணிக்கு எதிரான 3-1 வெற்றியில் இரண்டு கோல்கள் போட்டவர் வாலஸ்.

பட்டியலில் விழாத பெயர்கள்

வென்ற 11 பேரின் பெயர்களை ரசிகர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். விடுபட்டவர்களையும் நாம் கொஞ்சம் நினைக்க வேண்டும். காலிறுதியில் யூகோஸ்லாவியாவின் வொய்வொடினா அணியிடம் முதல் ஆட்டத்தில் 0-1 தோல்வி. கிளாஸ்கோவில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் கடைசி நிமிடத்தில் சார்லி கல்லகர் அடித்த கார்னரை மெக்னீல் தலையால் முட்டி கோலாக்கியதால்தான் செல்டிக் பிழைத்தது. அந்த கல்லகர் இறுதிப் போட்டியில் ஆடவில்லை. முந்தைய சுற்றுகளில் ஆடிய ஜான் ஹியூஸும் ஆடவில்லை. அன்றைய விதிப்படி கோல்கீப்பரைத் தவிர வேறு யாரையும் மாற்ற முடியாது. ஆகவே 11-க்குள் இல்லையென்றால் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். ஸ்டீன் இந்த மாதிரி முடிவுகளில் இரக்கம் காட்டுபவரில்லை. அவர் மேல் மனத்தாங்கலோடு இருந்த வீரர்களும் உண்டு.

லிஸ்பனில் நடந்தது என்ன?

1967 மே 25. எதிரணி இத்தாலியின் இன்டர் மிலன். 1964, 1965 ஆண்டுகளில் ஐரோப்பிய சாம்பியன். பயிற்சியாளர் ஹெலெனியோ ஹெரேரா, எதிராளியை மூச்சுவிட விடாத தடுப்பாட்டத்துக்குப் பேர்போனவர். டன்ஃபெர்ம்லினில் இருந்த காலத்தில், 1963-இல், இதே ஹெரேராவின் பயிற்சி முறையைப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஸ்டீன் மிலனுக்கே போயிருந்தார். கற்றுக்கொண்டார், ஆனால் காப்பியடிக்கவில்லை. தாக்கி ஆடித்தான் ஜெயிக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார்.

ஏழாவது நிமிடத்தில் பெனால்டி மூலம் மசோலா கோல் போட்டார். முன்னிலை கிடைத்ததும் இன்டர் கதவைச் சாத்திக்கொண்டது. செல்டிக் அடித்த பந்துகள் இரண்டு முறை கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பின. மற்றவற்றை கோல்கீப்பர் சார்தி தடுத்துக்கொண்டே இருந்தார்.

63-வது நிமிடம். ஓரத் தடுப்பாட்டக்காரர்கள் இருவரில் ஒருவர் முன்னேறினால் மற்றவர் பின்னால் நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. அன்று ஜிம் கிரெய்க், டாமி ஜெம்மல் இருவருமே மேலே ஏறிவிட்டார்கள். பல் மருத்துவம் படித்த கிரெய்க் பந்தைத் தள்ளிக் கொடுக்க, ஜெம்மல் தூரத்திலிருந்து விட்ட உதை வலைக்குள். ஆட்டம் முடிய சில நிமிடங்களே இருக்கும்போது மர்டாக் அடித்த பந்தை ஸ்டீவி சால்மர்ஸ் திருப்பிவிட, 2-1.

பிரிட்டிஷ் கிளப் ஒன்று இந்தக் கோப்பையை வென்றது அதுவே முதல் முறை. அந்த சீசனில் லீக், ஸ்காட்டிஷ் கோப்பை, லீக் கோப்பை, கிளாஸ்கோ கோப்பை என்று ஆடிய எல்லாவற்றையும் செல்டிக் வென்றது. 1966 முதல் 1974 வரை தொடர்ந்து ஒன்பது லீக் பட்டங்கள்.

எல்லாமே வெற்றிதானா?

இல்லை. அதே ஆண்டு இறுதியில் தென் அமெரிக்க சாம்பியனான அர்ஜென்டினாவின் ரேசிங் அணியுடன் உலக கிளப் பட்டத்துக்கான போட்டி. பியூனஸ் அயர்ஸில் ஆட்டம் தொடங்கும் முன்பே கூட்டத்திலிருந்து வந்த பொருள் தாக்கி சிம்ப்சன் காயமடைந்தார். மான்டிவிடியோவில் நடந்த மூன்றாவது ஆட்டம் அடிதடியாக மாறியது. செல்டிக் வீரர்கள் நான்கு பேருக்கு வெளியேற உத்தரவு. தோல்வி 0-1. கிளப்பே தன் வீரர்களுக்கு அபராதம் போட்டது. 1970 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் நெதர்லாந்தின் ஃபெயனூர்டிடம் 1-2 தோல்வி.

பிறகு ஆட்கள் போக ஆரம்பித்தார்கள். லூ மெக்காரி, டேவிட் ஹே, கென்னி டால்கிளிஷ் என்று ஸ்டீன் வளர்த்த இளைஞர்கள் ஒவ்வொருவராக இங்கிலாந்து கிளப்புகளுக்குப் போனார்கள். அங்கே சம்பளம் அதிகம். இது உங்களுக்கும் புரியும். நல்ல ஆளை வளர்த்துவிட்டால் பக்கத்துக் கம்பெனி கூப்பிடத்தானே செய்யும்! 1995-இல் ஐரோப்பிய நீதிமன்றத்தின் போஸ்மன் தீர்ப்பு வீரர்களின் இடமாற்றத்தை இன்னும் சுலபமாக்கியது. உள்ளூர் ஆட்களை மட்டும் வைத்து ஐரோப்பாவை வெல்வது அதோடு கனவாகிவிட்டது.

கடைசியாக எழுதிய பட்டியல்

1975-இல் ஒரு கார் விபத்து ஸ்டீனின் உயிரையே பறிக்கப் பார்த்தது. ஓராண்டு கழித்துத் திரும்பி வந்தார். 1977-இல் லீக், கோப்பை இரண்டையும் வென்றார். அடுத்த சீசன் சரியில்லை. கிளப் அவருக்கு இயக்குநர் பதவி கொடுத்தது. வேலையோ, கிளப்பின் பரிசுப் போட்டிகளுக்குப் பணம் திரட்டுவது. ஐரோப்பாவை வென்றவருக்கு அதுவா வேலை? இங்கிலாந்தின் லீட்ஸ் கிளப்புக்குப் போனார். 44 நாட்களில் அங்கிருந்தும் விலகி, ஸ்காட்லாந்து தேசிய அணியை ஏற்றார்.

1985 செப்டம்பர் 10. கார்டிஃப் நகரில் வேல்ஸுடன் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. ஸ்காட்லாந்துக்கு டிரா போதும்; ஆனால் 0-1 எனப் பின்தங்கியிருந்தது. இடைவேளையில் அவருக்கு ஓர் அதிர்ச்சி. கோல்கீப்பர் ஜிம் லைட்டன் தன் கான்டாக்ட் லென்ஸைத் தொலைத்துவிட்டார். அவர் லென்ஸ் போடுபவர் என்பதே ஸ்டீனுக்கு அப்போதுதான் தெரியும். தன் ஆட்களைப் பற்றி எல்லாம் தெரிந்து வைத்திருப்பவர் என்று பெயரெடுத்தவருக்கு இந்த ஒன்று தெரியாமல் போனது. மாற்று கோல்கீப்பரை இறக்கினார்.

பிறகு கார்டன் ஸ்டிராக்கனை வெளியே எடுத்து டேவி கூப்பரை அனுப்பினார். 81-வது நிமிடத்தில் பெனால்டி. அடித்தவர் அந்த கூப்பர். 1-1. பெஞ்சிலிருந்து எடுத்த அந்த முடிவு பலித்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் ஸ்டீன் சரிந்து விழுந்தார். மைதானத்தின் மருத்துவ அறையிலேயே உயிர் பிரிந்தது. வயது 62.

மெக்சிகோ உலகக் கோப்பைக்கு அந்த அணியை அழைத்துச் சென்றது அவருடைய உதவியாளர். அவர் பெயர் அலெக்ஸ் ஃபெர்குசன். பின்னாளில் மான்செஸ்டர் யுனைடெட்டில் அவர் செய்தது உங்களுக்குத் தெரியும்.

அடுத்த முறை வீரர்கள் பட்டியல் வெளியாகும்போது, பெயர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் கோடிகளை மட்டும் பார்க்காதீர்கள். பட்டியலின் கடைசியில் இருக்கும் பெயரையும் ஒருமுறை பாருங்கள். 1951-இல் செல்டிக்கின் பட்டியலில் ஸ்டீன் இருந்ததும் கிட்டத்தட்ட அந்த இடத்தில்தான்.